கல்லின் குற்றமும் மனிதரின் தோஷமும்: தமிழ் மணிநூல் மரபும் பிறப்புக்கல் நம்பிக்கையும் – தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த மாதம், ராசி, நட்சத்திரம், பிறந்த எண் ஆகியவற்றைக் கொண்டு ஒருவருக்குரிய மணியைத் தெரிவு செய்யும் வழக்கம் இன்று தமிழகத்தில் பரவலாக உள்ளது. இது தொன்றுதொட்டு வந்த மரபு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழ் இலக்கியங்களும் கல்வெட்டுகளும் மணிகளைக் குறித்துத் தரும் செய்திகளை நோக்கின், அவை எழுப்பிய வினா வேறாக இருந்தமை புலப்படும். மணி எங்கே பிறந்தது, அதன் குணம் யாது, குற்றம் யாது என்பனவே அவ்வினாக்கள். மனிதரின் பிறந்த பொழுது அங்கு அளவுகோல் ஆகவில்லை. கல்லின்மேல் வைத்து எண்ணப்பட்ட குற்றம், கோள்வழிபாடு, மேலைநாட்டு மாதக்கல் பட்டியல், எண்கணிதம் ஆகியவற்றின் சேர்க்கையால் மனிதரின்மேல் ஏற்றப்பட்ட தோஷமாக இடம்பெயர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தென்சென்னைப் புறநகரில் அமைந்த நவகிரகத் தலங்கள் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நவமணி, பிறப்புக்கல், ராசிக்கல், ஊர்காண் காதை, தஞ்சைக் கல்வெட்டுகள், நவகிரகத் தலங்கள், குற்றம், தோஷம்

முன்னுரை

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வழியாகப் பரங்கிமலை நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையையும் அதிலிருந்து பிரியும் கடைத்தெருக்களையும் ஒட்டிய நகைக்கடைகளில், ராசிக்கல் மோதிரம் தனியொரு விற்பனைப் பொருளாக விளங்குகிறது. வாடிக்கையாளர் கல்லைத் தேர்வதற்கு முன்னரே அவருடைய ராசியும் நட்சத்திரமும் கேட்கப்படுகின்றன. சில இடங்களில் பிறந்த தேதி மட்டுமே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. கல்லைக் குறித்த உரையாடல் வாங்குபவரின் பிறப்பைக் குறித்த உரையாடலாகவே தொடங்குகிறது.

இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்றாகச் சிலப்பதிகாரமும் திருவிளையாடற் புராணமும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அந்நூல்கள் நவமணிகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயின், நவமணிகளைப் பற்றிய அறிவும் பிறப்புக்கல் என்னும் நம்பிக்கையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் பழந்தமிழரின் மணியறிவு எத்தகையது என்பது மறைந்துபோகிறது. ‘பிறப்பு’ என்னும் ஒரு சொல் மணிகளைப் பற்றிய வழக்கில் வெவ்வேறு காலங்களில் ஏற்ற மூன்று பொருள்களைப் பிரித்தறிவது இக்கட்டுரையின் நோக்கம். முதலாவது, கல்லின் பிறப்பு. இரண்டாவது, வருணம் என்னும் பிறப்பு. மூன்றாவது, மனிதர் பிறந்த பொழுது.

மணியின் பிறப்பு

பழந்தமிழ் நூல்கள் மணியைக் குறிப்பிடும்போது அதன் பிறப்பிடத்தைச் சேர்த்தே பேசுகின்றன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வாணிகத் தெருக்களில் குவிந்த பொருள்களைத் தொகுக்கையில், வடமலையில் பிறந்த மணியையும் பொன்னையும், தென்கடல் முத்தையும், குணகடல் பவளத்தையும் அவற்றின் தோற்றிடத்தாலேயே அடையாளப்படுத்துகிறது. கொற்கை முத்து என்னும் வழக்கும் இத்தகையதே. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள் மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகள் அங்கிருந்தமையை வெளிப்படுத்தியுள்ளன. கல் எங்கிருந்து வருகிறது என்பது வணிகருக்கும் கைவினைஞருக்கும் முதன்மையான செய்தியாக இருந்திருக்கும் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

இப்பிறப்பிட அறிவு புராணத்தில் கதை வடிவம் பெறுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் நவமணிகளின் தோற்றத்தை வலன் என்னும் அசுரனின் உடலோடு தொடர்புபடுத்துகிறது. அவனது குருதி மாணிக்கமாகவும், பல் முத்தாகவும், எலும்பு வச்சிரமாகவும், பித்தம் மரகதமாகவும், கண்கள் நீலமாகவும், தசை பவளமாகவும் ஆயின என்பது அக்கதை. ஏனைய மணிகளுக்கும் அவ்வாறே உடலின் ஒவ்வொரு கூறு சொல்லப்படுகிறது. வடமொழி மணிநூல்களிலும் காணப்படும் இக்கதை, ஒவ்வொரு மணிக்கும் நிறத்தின் அடிப்படையில் ஒரு தோற்றத்தைக் கற்பிக்கிறது. இங்கும் கதைக்குரிய வினா கல்லின் பிறப்பே.

அப்படலத்தின் சூழல் கருதத்தக்கது. வீரபாண்டியன் வேட்டையில் புலியால் மாண்டபின், கருவூலமும் மணிமுடியும் காமக்கிழத்தியர் மைந்தரால் கவரப்பட்ட நிலையில், இளமைந்தனுக்கு முடிசூட்ட வழியின்றி அமைச்சர் திகைக்கின்றனர். சிவபெருமான் மணிவணிகராக வந்து நவமணிகளை அளித்து, அவற்றின் இலக்கணத்தையும் விளக்குகிறார். மணிகள் இங்கு முடியாட்சிக்குரியவை. அவற்றின் நன்மை அரசனுக்கும் அவன்வழி நாட்டிற்கும் சேர்வது. இளவரசன் பிறந்த நாண்மீன் எது, அதற்குரிய மணி எது என்னும் ஆராய்ச்சி அக்கதையின் அடிப்படையாக இல்லை.

கல்லின் பிறப்பிடத்தைக் கல்லைக் கொண்டே அறியும் முயற்சிக்குத் தென்சென்னைப் புறநகரும் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட பாறையை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையை ஒத்தது என்று கண்டு, 1890களில் அப்பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பெயர் கல்கத்தாவில் புதைக்கப்பட்டவருடையது. பிறப்பிடம் பல்லாவரத்துக் குன்று. இது அணிமணி அன்று எனினும், ஒரு கல்லின் இயல்பிலேயே அதன் பிறப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது என்னும் கருத்து மணிநூலுக்கும் நிலவியலுக்கும் பொதுவானது. இக்காலத்து மணி ஆய்வகங்கள் ஒரு நீலம் இலங்கையினதா, காசுமீரத்தினதா, பர்மாவினதா என்று சான்றளிப்பதும் இப்பழைய வினாவின் தொடர்ச்சியே.

குணமும் குற்றமும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிவீதியைக் காணும் பகுதி, தமிழ் மணிநூல் மரபின் செறிவான ஆவணமாகும். உ.வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்கு நல்லார் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்தபின், அவ்வுரை மணிகளைக் குறித்துத் தரும் விளக்கங்கள் ஆய்வாளருக்குக் கிட்டின.

அப்பகுதியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒரு முறைமை தெரிகிறது. வைரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய குற்றங்கள் நீங்கியதாகச் சொல்லப்படுகிறது. மரகதத்துக்கு ஏகை, மாலை, இருள் என்பன விலக்கத்தக்க குற்றங்கள். முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் நேரும் குறைகள் கூறப்படுகின்றன. பவளத்துக்கு இடையில் துளைபடுதலும், கல்லிடை வளைதலும், திருகுதலும் குற்றங்கள். மாணிக்கம் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நால்வகைப்படுகிறது. மணியின் சிறப்பைச் சொல்வதற்கு அதன் குற்றமின்மையைச் சொல்வதே இங்கு வழியாகிறது. வாங்குபவன் யாவன் என்பது பேசப்படவில்லை. கோவலன் எந்த நாண்மீனில் பிறந்தவன் என்பது அவ்வீதியில் எவருக்கும் வேண்டியதாக இல்லை.

இதே பகுதியில் கோள்களின் பெயர்களும் வருகின்றன என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. முத்தின் ஒளியைக் குறிக்கையில் சந்திரன், குரு, அங்காரகன் ஆகிய பெயர்கள் எடுத்தாளப்படுகின்றன. இங்குக் கோள் முத்தின் நீர்மையை, அதாவது நிறத்தையும் ஒளியையும், விளக்கும் ஒப்பீடாக நிற்கிறது. அணிபவருக்குக் கோளால் வரும் தீங்கை முத்து விலக்கும் என்னும் பொருள் அங்கில்லை. பிற்கால வழக்கில் முத்து சந்திரனுக்கும் பவளம் செவ்வாய்க்கும் உரியனவாகின்றன. சிலப்பதிகாரத்திலோ அங்காரகன் என்பது ஒருவகை முத்தின் செந்நிற ஒளிக்கே பெயர். கோள்களும் மணிகளும் அருகருகே வருவதை மட்டும் கண்டு, இன்றைய ராசிக்கல் வழக்கு அன்றே இருந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது.

காப்பியத்தின் உயிர்நிலையான வழக்கும் மணியாலேயே தீர்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் உள்ளது முத்து. கண்ணகியின் சிலம்பில் உள்ளது மாணிக்கம். சிலம்பு உடைந்து பரல் வெளிப்பட்டபோது உண்மை வெளிப்படுகிறது. மணி இங்குச் சான்றுப்பொருள். அது தன் உடையவளின் விதியை மாற்றவில்லை, மெய்யை நிறுவுகிறது.

இலக்கியத்தில் காணும் இம்முறைமை நடைமுறையிலும் இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சான்றாகின்றன. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அளித்த அணிகலன்கள் அங்கு ஒவ்வொன்றாகப் பதிவுசெய்யப்பட்டுள்ளன. ஹுல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை வெளிவந்தன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி எனப் பகுக்கப்படுகின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியாலும் வேறுபடுத்தப்படுகின்றன. மாணிக்கங்கள் ஹளஹளம், கோமளம், நீலகந்தி முதலிய பெயர்களால் சுட்டப்படுகின்றன. வைரங்களில் பொறிவும் முறிவும் இரத்தபிந்துவும் காகபிந்துவும் வெந்தனவும் உள்ளவை எவை என்பதும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டுள்ளது. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன.

பேரரசன் இறைவனுக்கு அளித்த கொடையிலேயே குற்றமுள்ள கற்கள் இருந்தன என்பதும், அதைக் கல்லில் வெட்டிவைப்பதற்குத் தயக்கம் இருக்கவில்லை என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கன. குற்றம் என்பது அங்கே கணக்கில் ஏறும் ஒரு பண்பு. அது கல்லுக்குரியது. கொடுத்தவரையோ பெற்றவரையோ அது தொடவில்லை.

வருணம் என்னும் பிறப்பு

பழைய மரபில் மனிதரின் பிறப்புக்கு இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. அது வேறொரு வழியில் நுழைந்தது. ஊர்காண் காதை வைரத்தை நால்வகை வருணத்து ஒளியுடையதாகக் குறிக்கிறது. மாணிக்கத்தின் நால்வகையையும் பரஞ்சோதியார் சாதரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் எனப் பெயரிட்டு, அவற்றை முறையே நான்கு வருணங்களோடு பொருத்துகிறார். புத்தபட்டரின் இரத்தின பரீட்சை முதலான வடமொழி நூல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வொரு வருணத்தாரும் தத்தமக்குரிய நிறத்து வைரத்தையே அணிய வேண்டும் என்றும், எல்லா நிறங்களையும் அணியும் உரிமை அரசனுக்கே உண்டு என்றும் விதிக்கின்றன. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் ஆகிய நான்கையும் தனித்தனி இயல்களில் ஆராய்கிறது. நல்லிலக்கண மணி அரசர்க்கு நன்மையையும், தீயிலக்கண மணி தீமையையும் தரும் என்பது அதன் தொடக்கக் கருத்து.

ஆகவே பழைய மணிநூலை எவ்வகைச் சார்புமற்ற பொருளறிவாகப் போற்றுதலும் பிழையாகும். அது கல்லை நுணுகிப் பகுத்தது. அதே பகுப்பினால் மனிதரையும் படிநிலைப்படுத்தியது. கல்லுக்கே சாதி கற்பித்து, அச்சாதியைக் கொண்டு அணிபவரின் உரிமையை வரையறுத்தது. இன்றைய மாதக்கல் பட்டியலில் வருணத்துக்கு இடமில்லை. பன்னிரண்டு மாதங்களும் எல்லாருக்கும் பொது. இவ்வகையில் புதிய வழக்கு ஒரு கதவைத் திறந்தது என்பதையும் நடுநிலையோடு ஏற்றல் வேண்டும்.

எனினும் இவ்விரண்டு பிறப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வருண விதி, இன்னார் இன்ன மணியை அணியலாம் என்னும் தகுதியைச் சொல்லிற்று. இன்னார் பிறந்த நேரத்தில் குறை உள்ளது, அக்குறையை நீக்க இம்மணியை அணிய வேண்டும் என்னும் தேவையைச் சொல்லவில்லை. தகுதியிலிருந்து தேவைக்கு மாறிய இடத்திலேயே கோள்கள் வருகின்றன.

கோளும் மணியும்: புறநகர்த் தலங்கள்

ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புட்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்னும் பொருத்தம் இடைக்காலச் சோதிட நூல்களில் நிலைபெறுகிறது. வைத்தியநாத தீட்சிதரின் சாதக பாரிசாதம் இதனைக் கூறும் நூல்களுள் ஒன்று. பொருத்தத்தின் அடிப்படை பெரிதும் நிறமே. செங்கோளுக்குச் செம்மணி, வெண்கோளுக்கு வெண்மணி, பசுமை சொல்லப்படும் புதனுக்கு மரகதம், கருமை சொல்லப்படும் சனிக்கு நீலம் என்று அது அமைகிறது.

தமிழகத்தில் கோள்வழிபாடு வளர்ந்த போக்கும் நோக்கத்தக்கது. திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் பாடியதாகக் கூறப்படும் கோளறு பதிகம், அடியார்க்குக் கோள்கள் தீங்கு செய்யா என்று உறுதி கூறுகிறது. அங்கு மாற்று இறையன்பே, மணி அன்று. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சூரியனார் கோயில் கோள்களுக்கெனத் தனிக்கோயில் அமைந்த வளர்ச்சியைக் காட்டுகிறது.

தென்சென்னைப் புறநகரிலும் அதனை ஒட்டிய மேற்குப் பகுதியிலும் ஒன்பது சிவன் கோயில்கள் தொண்டைமண்டல நவகிரகத் தலங்கள் என வழங்குகின்றன. கொளப்பாக்கம் அகத்தீசுவரர் கோயில் ஞாயிற்றுக்கும், சோமங்கலம் சோமநாதீசுவரர் கோயில் திங்களுக்கும், பூந்தமல்லி வைத்தீசுவரன் கோயில் செவ்வாய்க்கும், கோவூர் சுந்தரேசுவரர் கோயில் புதனுக்கும், போரூர் இராமநாதீசுவரர் கோயில் வியாழனுக்கும், மாங்காடு வெள்ளீசுவரர் கோயில் வெள்ளிக்கும், பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயில் சனிக்கும், குன்றத்தூர் நாகேசுவரர் கோயில் இராகுவுக்கும், கெருகம்பாக்கம் நீலகண்டேசுவரர் கோயில் கேதுவுக்கும் உரியனவாகப் போற்றப்படுகின்றன. பொழிச்சலூர் வடதிருநள்ளாறு எனவும், குன்றத்தூர்க் கோயில் வடதிருநாகேச்சரம் எனவும் பெயர் பெறுகின்றன. சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட ஈடுபாட்டால் சேக்கிழார் தம் பிறந்த ஊரில் நாகேசுவரர் கோயிலை எழுப்பினார் என்பது மரபு. காவிரிக்கரையின் கோள்தலங்களைத் தொண்டைநாட்டில் எதிரொளிக்கச் செய்யும் போக்கு இப்பெயர்களில் தெரிகிறது. இக்கோயில்களை ஒரே நாளில் சுற்றி வழிபடும் வழக்கம் இப்போது பரவலாக உள்ளது.

இத்தலங்களில் நிகழும் வழிபாட்டில் ஒவ்வொரு கோளுக்கும் உரியனவாகச் சொல்லப்படும் பொருள்களின் வரிசையைக் காண்போம். தானியம், ஆடையின் நிறம், மலர், உலோகம், மணி ஆகியவை அவ்வரிசையில் அடங்கும். ஞாயிற்றுக்குக் கோதுமை, திங்களுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பாசிப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, வெள்ளிக்கு மொச்சை, சனிக்கு எள், இராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு என்பது தானிய வரிசை. மணி இவ்வரிசையில் ஓர் உறுப்பு மட்டுமே. ஒருபிடி எள்ளும் ஒரு விளக்கும் கொண்டு பொழிச்சலூர்க்குச் செல்லும் எளியவருக்கும், நீலம் பதித்த மோதிரம் அணிந்து செல்லும் செல்வருக்கும் அங்கு வழிபாட்டில் வேறுபாடில்லை. தானியமும் ஆடையும் படைக்கப்படுபவை அல்லது பிறருக்கு ஈயப்படுபவை.

சந்தையில் இவ்வரிசை கலைகிறது. பயறும் மொச்சையும் பின்தங்க, மணி மட்டும் தனித்து எடுக்கப்பட்டுத் தீர்வாக நிறுத்தப்படுகிறது. ஈகைக்குரிய பொருள்களின் நடுவே இருந்த ஒன்று, தனியொருவர் தமக்கெனச் சேர்த்துக்கொள்ளும் உடைமையாக மாறுகிறது. கோள்வழிபாட்டின் பெயரால் நிகழ்வதாயினும், கோயில்மரபின் உள்ளமைப்புக்கு இது மாறானது.

மேலைநாட்டு மாதக்கல்

மாதத்துக்கு ஒரு கல் என்னும் அமைப்பு வேறொரு மரபிலிருந்து வந்தது. விவிலியத்தின் யாத்திராகமம் தலைமைக் குரு ஆரோனின் மார்புப் பதக்கத்தில் இசுரவேலின் பன்னிரு குலங்களுக்குப் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டதைக் கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேபசு அப்பன்னிரண்டைப் பன்னிரு மாதங்களோடும் ராசிகளோடும் தொடர்புபடுத்தினார். ஒருவர் தம் பிறந்த மாதத்துக்குரிய ஒரே கல்லை அணியும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கழித்தே உருவாயிற்று.

இன்றுள்ள பட்டியல் இன்னும் பிற்பட்டது. 1912இல் அமெரிக்காவின் கான்சாசில் கூடிய நகைவணிகர் சங்கம் பிறப்புக்கற்களின் பட்டியலை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. 1952இல் அது திருத்தப்பட்டது. 1967இல் தான்சானியாவில் கண்டறியப்பட்ட டான்சனைட் 2002இல் திசம்பர் மாதத்துக்கு உரியதாகச் சேர்க்கப்பட்டது. 2016இல் ஆகத்து மாதத்துக்கு ஸ்பைனல் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன் உலகம் அறிந்திராத கல், முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மாதத்தில் பிறந்தார் அனைவருக்கும் உரிய மரபுக்கல் ஆகிவிட்டது. பட்டியலின் வரலாறு வணிகத்தின் வரலாறே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு பிறந்தநாள், பல கற்கள்

இவ்வமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆகத்து 15ஆம் நாள் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1912ஆம் ஆண்டுப் பட்டியலின்படி அவர்க்குரியவை சார்டோனிக்சும் பெரிடாட்டும். இவ்விரண்டும் தமிழ் நவமணி வரிசையில் இல்லை. மேலைச் சோதிடத்தின்படி அன்று ஞாயிறு சிம்மத்தில் நிற்கிறது. சிம்மத்தின் தலைவன் ஞாயிறு என்று கொண்டு, கோள்வழி மணியைப் பொருத்தினால் மாணிக்கம் வரும். தமிழ்ப் பஞ்சாங்க முறையில் அந்நாள் பெரும்பாலும் ஆடியின் இறுதி. ஞாயிறு இன்னும் கடகத்திலேயே உள்ளது. கடகத்தின் தலைவன் திங்கள். எனவே முத்து வரும். இவையன்றி, தமிழ் வழக்கில் ஒருவரின் ராசி என்பது பிறந்த பொழுதில் திங்கள் நின்ற ராசியே ஆகையால், ஆண்டும் நேரமும் தெரியாமல் எதையும் சொல்ல இயலாது. இலக்கினத் தலைவனுக்குரிய மணியே அணியத்தக்கது என்பாரும், நடப்புத் தசைக்குரிய மணியே வேண்டும் என்பாரும் உளர். எண்கணிதம் நாளின் இலக்கங்களைக் கூட்டி இன்னொரு கல்லைத் தரும்.

இவற்றுள் எது சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஒன்றோடொன்று முரண்படும் இவ்வமைப்புகள் அனைத்தும் ‘நம் முன்னோர் கண்ட முறை’ என்னும் ஒரே பெயரின்கீழ் வழங்குவதே கவனத்துக்குரியது. கான்சாசு வணிகர், இடைக்காலச் சோதிடர் எனத் தோற்றம் எதுவாயினும், மரபு என்னும் சொல் அனைத்தையும் சமன்செய்துவிடுகிறது. மரபின் வரலாற்றை அறிந்தவர்க்கே அச்சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்தும் கடமை மிகுதி.

குற்றம் இடம்பெயர்தல்

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கினால் அடிப்படை மாற்றம் ஒன்று தெளிவாகிறது. ஊர்காண் காதையிலும் தஞ்சைக் கல்வெட்டிலும் குற்றம் கல்லுக்குரியது. வாங்குபவர் ஆராய்பவர். கல் ஆராயப்படுவது. இன்றைய ராசிக்கல் வழக்கில் தோஷம் வாங்குபவர்க்குரியது. அவருடைய சாதகம் ஆராயப்படுகிறது. கல் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. ஆராய்பவரும் ஆராயப்படுவதும் இடம் மாறிவிட்டன.

இம்மாற்றத்தின் விளைவு எளிதன்று. கல்லின் குற்றத்தைக் கண்டவர் வேறு கல்லைக் கேட்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், வாங்காமலும் போகலாம். தம் பிறப்பிலேயே குற்றம் உண்டென்று நம்பவைக்கப்பட்டவர்க்கு இவற்றுள் எதுவும் இயலாது. திருமணம் தடைப்படும் மகளுக்காகவோ, வேலை கிட்டாத மகனுக்காகவோ கடன்பட்டுக் கல் வாங்கும் குடும்பத்தார், அக்கல்லைக் கேள்விக்கு உட்படுத்தும் நிலையில் இருப்பதில்லை. பலன் கிட்டாவிடினும் பிழை அணிந்தவரின் நாளிலும் நேரத்திலும் விரலிலும் தேடப்படுகிறது, கல் தப்பித்துக்கொள்கிறது.

செயற்கை மணிகளின் வரவு இதனை மேலும் சிக்கலாக்கியது. பிரான்சு நாட்டு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் வெளிப்படுத்திய சுடருருக்கு முறையால் மாணிக்கத்தை ஆய்வகத்திலேயே உருவாக்க இயன்றது. வேதிச் சேர்மத்தில் அது இயற்கை மாணிக்கத்தோடு ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்த மணியியலார் உருப்பெருக்கியின்வழி உள்ளே நோக்குகின்றனர். செயற்கைக் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வளிக்குமிழ்களும் தென்படும். இயற்கைக் கல்லிலோ மண்ணுக்கடியில் வளர்ந்தபோது சிக்கிய பிற கனிமத் துகள்களும் நுண்ணூசிகளும் தென்படும். பழைய நூலார் குற்றம் என்றவற்றுள் சில இன்று கல்லின் இயற்கைப் பிறப்புக்குச் சான்றாகின்றன. முற்றும் மாசற்ற பெரிய மாணிக்கம் மலிவாகக் கிடைத்தால், அதுவே ஐயத்துக்கு இடமளிக்கிறது. குற்றத்தை உற்றுநோக்கும் பழைய கண், பொருள் மாறியபோதும், இன்றும் வாங்குபவர்க்குத் துணையாகக் கூடியது என்பதை இது காட்டுகிறது.

பழைய நூலார் கண்டவை அனைத்தும் இன்றைய அறிவியலோடு பொருந்தும் என்பதும் மிகை. ஊர்காண் காதை ஐவகை மணிகளை ஒரே தோற்றத்தின் ஐந்து வனப்புகளாகக் கூறுவதைச் சுட்டி, அது நவீனக் கனிமவியலை முன்னுணர்ந்தது எனச் சிலர் கூறுவர். மாணிக்கம், நீலம், புட்பராகம் என வழங்கும் மஞ்சள் மணி ஆகிய மூன்றும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் நிறவேறுபாடுகள் என்பது உண்மை. ஆயின் வைடூரியமும் கோமேதகமும் அக்கனிமத்தைச் சேர்ந்தவையல்ல. மூன்றில் பொருந்தியதைப் போற்றி இரண்டில் பொருந்தாததை மறைப்பது ஆய்வுநெறி ஆகாது. அந்நூலாரின் பெருமை, அவர்கள் கல்லைக் கல்லாக நோக்கி, வேறுபாடுகளுக்குத் தனித்தனிச் சொற்களைப் படைத்தமையில் உள்ளது.

முடிவுரை

தமிழ் மரபில் மணிகளைப் பற்றிய சிந்தனை தொடக்கத்தில் கல்லின் பிறப்பையும் குணகுற்றங்களையும் மையமாகக் கொண்டிருந்தது. வருணப் பாகுபாடு அதனூடே மனிதரின் பிறப்பைத் தகுதியின் அளவுகோலாக நுழைத்தது. கோள்வழிபாட்டின் வளர்ச்சி மணியைக் கோளோடு இணைத்தது. எனினும் தானியம், மலர், ஆடை ஆகியவற்றின் வரிசையில் ஒன்றாகவே அதனை வைத்தது. மேலைநாட்டு மாதக்கல் பட்டியலும் எண்கணிதமும் நகைச்சந்தையும் மணியை அவ்வரிசையிலிருந்து பிரித்தெடுத்து, பிறந்த பொழுதின் குறைக்குத் தீர்வாக நிறுத்தின. இப்படிநிலைகளைப் பிரித்தறியாமல் சிலப்பதிகாரத்தை ராசிக்கல்லுக்குச் சான்றாக்குவது, நூல் சொல்லாததை நூலின்மேல் ஏற்றுவதாகும்.

இவ்வாய்வு இரண்டு பணிகளைச் சுட்டுகிறது. ஊர்காண் காதை உரையிலும் தஞ்சைக் கல்வெட்டுகளிலும் பயிலும் மணிக்கலைச் சொற்களை ஒப்பிட்டுத் தொகுத்தல் முதற்பணி. தொண்டைமண்டல நவகிரகத் தலங்களின் கல்வெட்டுச் செய்திகளையும் தலமரபுகளையும் தனித்தனியே பதிந்து, அவை ஒன்பதன் தொகுதியாக உருப்பெற்ற படிகளை ஆராய்தல் மற்றொன்று. வகுப்பறையில் ஊர்காண் காதையைப் பயிற்றுவிக்கும்போது, அதில் வரும் குற்றங்களின் பட்டியலை வெறும் அருஞ்சொற்பொருளாகக் கடந்துவிடாமல், எதில் குற்றம் காண்பது என்னும் வினாவாகவும் மாணவர்முன் வைக்கலாம். தம் பிறப்பில் குற்றம் காட்டப்பட்ட ஒருவர், காட்டியவரின் கையிலுள்ள கல்லில் குற்றம் உண்டா என்று திருப்பிக் கேட்பதற்கான சொற்கள் மதுரை மணிவீதியில் ஏற்கெனவே இருக்கின்றன.